சிவப்பு நூல் கட்டிய கள்ளி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகுக்காகவோ நினைவுக்காகவோ நான் எழுத உட்காரவில்லை. எண்பத்திரண்டு வயதில் பேனா எடுக்கும் வழக்கம் விலேலா குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. நாங்கள் மரம் ஏறுகிறவர்கள்.

போன மாதம் நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரியில் வைக்கும் ஒரு காப்பகத்திலிருந்து. எழுதியவர் டாக்டர் லிவியா சர்மெண்டோ, தாவரவியலாளர். என் அப்பா அனாக்லெட்டோ விலேலாவின் பெயரை வைத்திருக்கும் கள்ளி, அதாவது ரிப்சாலிஸ் அனாக்லெட்டி, தனி இனமே இல்லை என்று தான் சந்தேகப்படுவதாக எழுதியிருந்தார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வரி இது:

"சேகரித்தவர் எழுத்தறிவற்ற காட்டுக்கூலி என்பதால், பதப்படுத்தும்போது கவனக்குறைவு நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்."

எழுத்தறிவற்றவர் என்பது உண்மை. காட்டுக்கூலி என்பதும் உண்மை. கவனக்குறைவு என்பது பொய். அந்த ஒரு சொல்லுக்கு எதிராகத்தான் இந்தப் பக்கங்கள் எல்லாம்.

வருகிற வியாழக்கிழமை அந்தப் பெண்ணுக்கு என் கையெழுத்து போய்ச் சேர வேண்டும். நான் எழுதும் ஒரு வார்த்தையில் அப்பாவின் பெயர் தாவர நூல்களில் இருக்கும், அல்லது போகும். இன்று செவ்வாய்.

2

கதையை எப்படித் தொடங்குவது? மூன்று முறை முயன்றேன்.

முதல் தொடக்கம்: "1962 ஜூலை மாதம், மலைமேல் பனி விலகிக்கொண்டிருந்த ஒரு காலையில்—"

அடித்துவிட்டேன். எங்கள் மலையூர் பெட்ரா மியூடாவில் ஜூலை என்றால் குளிர்காலம், பனி விலகாது. அதன் பாட்டுக்குக் கிடக்கும். விலகும் பனியை நகரத்துக்காரர்கள்தான் எழுதுவார்கள்.

இரண்டாவது: "அனாக்லெட்டோ விலேலாவைப் போல மரம் ஏறத் தெரிந்த ஆள் இந்த மலைத்தொடரிலேயே கிடையாது. அன்றும் அவர்தான் அந்த நாற்பது மீட்டர் ஜெக்கிடிபா மரத்தில்—"

இங்கே நிறுத்தினேன். முதல் வாக்கியத்தில் குறை இல்லை. இரண்டாவதில் கை நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமலும் போகலாம்.

மூன்றாவது, செடியிலிருந்து தொடங்குவது. செடிக்கு மானம் அவமானம் இல்லாததால் அதிலிருந்து தொடங்குவது சுலபம்.

3

கள்ளி என்றால் மணலும் முள்ளும் வெயிலும் என்று நினைப்பவர்கள் எங்கள் காட்டுக்கு வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கட்டும். எங்கள் கள்ளிகள் தரையில் கால் வைப்பதில்லை. பெரிய மரங்களின் கவட்டில், பாசிக்குள் வேர் விட்டு, சடையைப் போலக் கீழே தொங்கும். முள் கிடையாது. வெள்ளையாய்ச் சிறு பூ, பிறகு முத்துப் போன்ற பழம். குருவி அந்தப் பழத்தைத் தின்று, பிசுபிசுப்புத் தாங்காமல் அலகை வேறொரு கிளையில் தேய்க்கும். ஒட்டிக்கொண்ட விதை அங்கே அடுத்த செடியாகிவிடும். ஊரில் பாதிப் பேர் இதைப் புல்லுருவி என்கிறார்கள். அதுவும் பொய். மரத்திடமிருந்து இது ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. நிற்க இடம் மட்டும் கேட்கும்.*

(* கூலிக்காரனைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். அடிக்குறிப்பில் கோபப்படக் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை.)

இதை வகைப்படுத்துவது ஏன் கடினம் என்றால், ஒரே செடி வயதுக்கு வயது உருவம் மாற்றும். இளஞ்செடியில் உருண்டையாக, பூனைமுடி போன்ற மெல்லிய மயிரோடு இருக்கும். முதிர்ந்தால் மூன்று பட்டையாகி மழமழப்பாகிவிடும், அதன்பிறகு மரத்தில் இருக்கும்வரை மயிர் திரும்பாது. தாளில் ஒட்டிய செத்த செடியை மட்டும் பார்த்த அறிஞர்கள், குழந்தைக்கு ஒரு பெயர், வாலிபனுக்கு ஒரு பெயர், கிழவனுக்கு ஒரு பெயர் என்று ஒரே செடிக்கு மூன்று இனம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அதையெல்லாம் அழித்தார்கள். அழிப்பதும் பெயர் வைப்பதும்தான் அவர்கள் தொழில்.

இன்னொரு கடினம் இருக்கிறது. இந்தக் கதையின் முடிச்சே அதுதான், கவனமாகப் படியுங்கள். மற்றச் செடிகளைப் பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து, பலகையில் இறுக்கினால் செத்துக் காய்ந்துவிடும். கள்ளி சாகாது. உடம்புக்குள் வைத்திருக்கும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, தாளுக்குள், இருட்டுக்குள், வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குருத்துகூட விடும். வெளிறிய, ஒல்லியான, மயிர் முளைத்த குருத்து. அதனால் தாளில் வைக்கும் முன் கொதிக்கும் தண்ணீரில் முக்கிக் கொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் வெந்நீரில் முக்கி எடுத்த ஒவ்வொரு செடிக்கட்டிலும் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவார். நூல் இருந்தால் முக்கியாயிற்று என்று அர்த்தம். நகரத்து அறிஞர்கள் முப்பது வருடம் அந்த நூலை நம்பினார்கள். அவர்களுடைய முத்திரைகளைவிட அதிகம் நம்பினார்கள்.

4

போன வியாழக்கிழமை அந்தப் பெண் நேரில் வந்தாள். (கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது 'அவர்' என்று எழுதினேன். நேரில் பார்த்ததைச் சொல்லும்போது கை 'அவள்' என்று எழுதுகிறது. திருத்தப் போவதில்லை.) கூடவே என் தம்பி மகன் வால்மீர். ஊராட்சி மன்றத்தில் கலாசாரப் பிரிவில் வேலை பார்க்கிறான். ஊர் எல்லையில் எங்கள் கள்ளியை வரைந்து பலகை வைத்தது அவன் ஏற்பாடு.

நான் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் மலையில் அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. தானாகவே பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்தாள்.

"அம்மா, மொதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்த வரிய நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"எழுதிட்டியே."

"எழுதிட்டேன்."

"அப்ப வந்த வேலையப் பாரு."

மேசைமேல் ஒரு படத்தை வைத்தாள். அந்தத் தாள். உலகத்திலேயே ரிப்சாலிஸ் அனாக்லெட்டிக்கு இருக்கும் ஒரே சான்று. அறுபது வருடமாக எத்தனையோ பேர் காட்டில் தேடியும் இரண்டாவது ஒன்று அகப்படவில்லை. அழிந்துபோன இனம் என்று பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். படத்தில் முப்பட்டைத் தண்டு, அதன் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு உருண்டையாக, மயிரோடு ஒரு குருத்து. கீழே பழுப்பேறிய சிவப்பு நூல்.

"இந்த ரெண்டும் ஒரே தண்டுல இருக்கறதாலதான் இது புது இனம்னு, இதுக்குப் பேரு வெச்ச டாக்டர் ரெய்மர் எழுதினாரு. எனக்கு என்னமோ இந்தக் குருத்து மரத்துல வளந்ததாத் தோணல. தாளுக்குள்ள வளந்திருக்கு. ஆனா நிரூபிக்க முடியல. நூல் குறுக்க நிக்குது."

"நிக்கும். அது எங்கப்பா நூலு."

"அதான் கேக்கறேன். இதப் பதப்படுத்தின அன்னிக்கு நீங்க அந்தச் செடிக் கொட்டகையில இருந்தீங்க. உயிரோட இருக்கற சாட்சி நீங்க ஒருத்தர்தான். முக்கினாங்களா, முக்கலையா? முக்கினாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டா நான் என் கட்டுரையத் திரும்ப வாங்கிக்கறேன். இனம் இருக்கும். முக்கலைன்னா..."

"முக்கலைன்னா எங்கப்பா சோம்பேறி. அதானே?"

வால்மீர் குறுக்கே புகுந்தான். "அத்தை, ஒரு வரிதானே, முக்கினாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா ஊர்ப் பலகையில கள்ளிய அழிச்சிட்டு நான் என்னத்த வரையறது? உங்க மூக்கையா?"

"வரை. உங்க தாத்தா மூக்கும் இதேதான். பொருத்தமா இருக்கும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் வந்தது. பிடித்துப்போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். கையெழுத்துக்காகக் கொண்டுவந்த படிவத்தை வைத்துவிட்டு எழுந்துபோகச் சொன்னேன்.

வாசலில் திரும்பி நின்று கேட்டாள்: "அம்மா, அந்த மரத்துல ஏறினது உங்கப்பாதானே?"

"பின்னே யாரு, நானா?" என்றேன்.

5

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமுள்ள ஒரு பாத்திரம் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண். அவளைச் சேர்க்காமல் கதையை முடிக்க நான்கு நாளாக முயன்றேன். அவள் இல்லாமல் யாரும் அந்த மரத்தில் ஏற முடியவில்லை. அப்பாவின் வலது முட்டி அந்த வருடம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மாடிப்படிகூட ஏற முடியாதவரை ஜெக்கிடிபாவில் ஏற்றினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

சரி. வரட்டும்.

அவள் தம்பியின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, காலில் தோல் தளை போட்டு, இடுப்பில் கயிற்றோடு ஏறினாள். அந்த வருடம் முழுக்க அவள்தான் ஏறினாள். பெண் மரம் ஏறுவது ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று அம்மா அழுததால், விடிந்தும் விடியாமலும் ஏறி, ஆள் நடமாட்டத்துக்கு முன் இறங்கினாள். அன்று கவட்டில் உட்கார்ந்து, முகத்தில் பனி வழிய, முப்பட்டைக் கள்ளி ஒரு கொத்தைக் கத்தியால் அறுத்துச் சாக்கில் போட்டாள். சாதாரணக் கள்ளிதான். நுனியில் மயிரும் இல்லை, ஒன்றும் இல்லை.

கொட்டகையில் டாக்டர் ரெய்மர் காத்திருந்தார். தாவர அறிஞர், வருடத்துக்கு ஒருமுறை கோவேறு கழுதையில் வருவார். சாக்கைப் பிரித்துப் பார்த்து அசந்துபோனார்.

"அனாக்லெட்டோ! அந்த மரத்துலயா? இந்த முட்டிய வெச்சிக்கிட்டா?"

"ஏறிட்டேன் டாக்டர்."

"நீ மனுஷனே இல்லப்பா. கொரங்கு!"

"எங்க வம்சமே அப்படித்தான் டாக்டர். ஆம்பளைங்க எல்லாருக்கும் காலு ரெண்டும் கை மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். அடுப்படியில் அந்தப் பெண் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. ரெய்மர் அவளைப் பார்த்து, "உம் பொண்ணு நல்லா காபி போடறா" என்றார். அப்பா தலையாட்டினார்.

இந்த இடத்தில் கதாசிரியருக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று: பானையில் இருந்த வெந்நீர் முழுவதும் டாக்டரின் காபிக்குப் போய்விட்டது, அவசரத்தில் முக்க மறந்தார்கள். நல்ல வழி. தப்பு டாக்டர் தலையில் விழும். இதை எழுதிப் பார்த்தேன், எனக்கே இனித்தது.

இரண்டு: தண்டில் ஒரு மொட்டு இருந்தது, கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இதை எழுதிவிட்டு உடனே அடித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கோழி அறுப்பவள்.

மூன்று:

[தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. தண்டு கையில் இருந்தது. நான் முக்கவில்லை. வேண்டுமென்றே முக்கவில்லை. தாளுக்குள் வைத்து மடித்தேன். அப்பாவின் நூலை எடுத்துச் சுற்றி, அப்பாவின் இரட்டை முடிச்சைப் போட்டேன். நகரத்தில் கட்டைப் பிரிக்கும்போது அழுகி நாற வேண்டும், அனாக்லெட்டோவின் நூல் பொய் சொல்லும் என்று ரெய்மர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.]

அடைப்புக்குறிக்குள் எழுதினால் உரக்கச் சொன்னதாகாது என்று நினைத்தேன். அடைப்புக்குறி ரொம்ப மெல்லிய சுவர்.

6

அழுகவில்லை. செடிக்கட்டுகள் வைத்த பெட்டி கழுதையிலும் ரயிலிலும் போய், ஈரக் கிடங்கில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. ரெய்மர் பிரித்தபோது அந்தத் தண்டு தன் கடைசித் தண்ணீரைச் செலவழித்து, இருட்டில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. அவர் நூலைப் பார்த்தார். அனாக்லெட்டோவின் நூல். ஆகவே குருத்து மரத்திலேயே இருந்தது, ஆகவே புது இனம், ஆகவே ரிப்சாலிஸ் அனாக்லெட்டி.

நான் அப்பாவை அவமானப்படுத்தச் செய்த காரியம் அவருக்கு உலகத்திலேயே பெரிய மரியாதையாகத் திரும்பி வந்தது. இதைக் கற்பனை செய்யும் அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது.

அடுத்த வருடம் ரெய்மர் அந்தப் பெயரை அச்சிட்ட பக்கத்தோடு வந்தார். பாதிரியார், தபால்காரர், ஊரே கூடியது. சோள ரொட்டியும் கொய்யாப் பாகும் காலியாயின. ரெய்மர் லத்தீனில் ஏதோ வாசித்தார். யாருக்கும் புரியாததால் எல்லோரும் கண் கலங்கினார்கள். பிறகு அப்பாவிடம் படத்தைக் கொடுத்தார்.

அப்பா படத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் இந்தக் காட்டில் கள்ளி பறித்தவர். இப்படி மயிர் முளைத்த நுனி எந்த மரத்திலும் தொங்கவில்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் விரல் அந்தக் குருத்தின்மேல் நின்றது. அப்புறம் படத்தில் வரைந்திருந்த நூலுக்கு வந்தது. அப்புறம் தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு மேலாக, அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் பானையை அடுப்பில் ஏற்றியபோது வந்து நின்றார். "நூல இப்படிக் குடு," என்றார். "இனிமே நானே கட்டிக்கறேன்."

அவ்வளவுதான். இருபத்தோரு வருடம் கழித்துச் சாகும்வரை அதைப் பற்றி வேறொரு வார்த்தை பேசவில்லை. நான் ஏறினேன் என்றும் யாரிடமும் சொல்லவில்லை, நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு மௌனமும் ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்ந்துவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். எனக்குத் தீரவில்லை. கோபம் கடிதத்தில் பிறந்தது என்று தொடக்கத்தில் எழுதினேன் அல்லவா? அந்த வரியை இப்போது நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்தார். சாலை போட அந்த ஜெக்கிடிபாவை வெட்டிய நாளில், நொண்டிக்கொண்டே மேலே போய், விழுந்த கிளையிலிருந்து அதே கள்ளியில் ஒரு கொத்தை எடுத்து வந்தார். வீட்டுக்குப் பின்னால் வெண்ணெய்ப்பழ மரக் கவட்டில், தன் கை எட்டும் உயரத்தில், பாசிக்குள் செருகினார். இன்றும் தொங்குகிறது. முப்பட்டை, மழமழப்பு. அழிந்துபோன இனத்தைத் தேடி வந்த அறிஞர்கள் எத்தனை பேர் அதன் கீழே நின்று என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள்! அவர்கள் மயிரைத் தேடினார்கள்.

7

முடிவுகள்.

வால்மீர் சொல்லும் முடிவு: "ஞாபகம் இல்லன்னு எழுதிடுங்க அத்தை. உங்க வயசுக்கு யாரு கேள்வி கேக்கப் போறா?" அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். விலேலாக்களுக்கு முட்டி போகும். ஞாபகம் போனதில்லை.

இன்னொரு முடிவு: 'முக்கினோம்' என்று கையெழுத்துப் போடுவது. இனம் பிழைக்கும், பலகை பிழைக்கும், அப்பாவின் பெயர் நூல்களில் இருக்கும். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு எழுதுவாள். இதை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. படித்துப் பார்த்தேன். அதில் மறுபடியும் அடுப்படியில் ஒருத்தி காபி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

மற்றது: 'முக்கவில்லை, நான்தான்.' அப்படி எழுதினால் அப்பா கவனக்குறைவானவர் இல்லை என்று ஆகும். டாக்டர் முகத்துக்கு நேரே பொய் சொன்னவர் என்று ஆகும். நான் பெற்றவரின் நூலைத் திருடியவள் என்று ஆகும். அனாக்லெட்டி என்ற பெயர் வேறொரு செடியின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், செல்லாத பெயர்களின் பட்டியலில் கிடக்கும். அவருடைய தொழில் சுத்தத்தைக் காப்பாற்றினால் பெயர் போகிறது. பெயரைக் காப்பாற்றினால் நான் அந்த மரத்தில் ஏறவே இல்லை. மூன்றையும் சேர்த்துக் காப்பாற்றும் வாக்கியம் ஒன்று இருந்தால் வாசகர்களே எழுதி அனுப்புங்கள். அறுபது வருடமாகத் தேடுகிறேன்.

லிவியா, இதை முதலில் படிக்கப்போகிறவள் நீ. சான்று கேட்டாய், கதை அனுப்புகிறேன். கதையை ஆதாரமாக வைத்துக் கட்டுரை எழுத முடியாது என்று உன் ஆசிரியர்கள் சொல்வார்கள். அதனால் கூடவே ஒன்று வைத்திருக்கிறேன். இன்று காலை வெண்ணெய்ப்பழ மரத்தில் சின்ன ஏணி சாய்த்து ஏறினேன். மூன்று படிதான். ஆனாலும் ஏறியது நான்தான். இந்தத் தாள்களின் நடுவில், ஐந்தாம் பகுதிக்கும் ஆறாம் பகுதிக்கும் இடையில், செய்தித்தாளில் சுற்றி ஒரு தண்டு இருக்கிறது. உடனே பிரிக்காதே. இரண்டு மாதம் இருட்டில் வைத்துவிட்டுப் பிரித்துப் பார். அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு.

அச்சில் படிக்கும் மற்றவர்களுக்குத் தண்டு வராது. உங்களுக்குப் பக்கங்கள் மட்டும்தான். இன்று காலையும் அடுப்பில் பானை இருந்தது, தண்ணீர் கொதித்தது என்பதுவரை சொல்வேன்.

வால்மீர் வாசலில் காரின் ஒலிப்பானை அழுத்துகிறான். உன் படிவம் இங்கேயே இருக்கட்டும். தண்டோடு வைத்த சீட்டில் என் கையாலேயே எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்:

இடம்: பெட்ரா மியூடா, விலேலா வீட்டின் பின்புறம்.
தொங்கும் மரம்: வெண்ணெய்ப்பழ மரம். முன்பு ஜெக்கிடிபா.
பெயர்: நீ எழுதிக்கொள்.
சேகரித்தவர்: ஒலிம்பியா விலேலா.
வெந்நீர்:

நூல் கட்டவில்லை.